பேட்ச் போடுதல்

கிழிந்த துணியின்மேல் வைத்துத் தைக்கும் துண்டுக்கு ஆங்கிலத்தில் பேட்ச் என்று பெயர். மென்பொருள் தொழிலில் அது, ஏற்கெனவே இருக்கும் ஒரு நிரலில் எந்த இடத்தில் எதை எடுத்துவிட்டு எதை வைக்க வேண்டும் என்று சொல்லும் திருத்தத்தைக் குறிக்கும். நிரல் முழுவதையும் புதிதாகக் கொடுத்தால் அது புதுப் பதிப்பு. மாறும் பகுதியை மட்டும் கொடுத்தால்தான் பேட்ச். இந்த வரையறைக்கு வெளியே தெரியாத ஒரு மறுபாதி உண்டு. "இங்கே இதை வை" என்று சொல்லும் எந்தத் திருத்தமும் "இங்கே இப்போது இன்னது இருக்கிறது" என்று நம்பித்தான் பேசுகிறது. அந்த நம்பிக்கை சரியாக இருந்தால் பேட்ச் போடுவது நிமிட வேலை. பிசகினால் விடிய விடிய வேலை. பேட்சைச் சுற்றி வளர்ந்திருக்கும் கருவிகளும் சடங்குகளும் பெரும்பாலும் இந்த மறுபாதியைச் சரிபார்க்கத்தான் வந்தன.

சொல் இந்தத் தொழிலுக்குள் வந்தபோது அதற்குத் துணிக்கடைப் பொருளே இருந்தது. 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய, ஐ.பி.எம். கட்டிய மார்க் 1 கணிப்பொறி, 24 வரிசைகளில் துளையிட்ட காகித நாடாவிலிருந்து கட்டளைகளைப் படித்தது. துளை தவறான இடத்தில் விழுந்திருந்தால் அதன்மேல் சிறு துண்டு ஒட்டி அடைப்பார்கள். விடுபட்ட துளையைக் கையால் போடுவார்கள். திருத்தம் பெரிதென்றால் நாடாவையே வெட்டிப் புதுத் துண்டைச் செருகி ஒட்டுவார்கள். இப்படி ஒட்டுப் போட்ட மார்க் 1 நாடா அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் சேகரிப்பில் இருக்கிறது. படத்தைப் பார்த்தாலே சொல் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

நிரல் காகிதத்திலிருந்து நினைவகத்துக்குப் போனபின் கத்தரிக்கு வேலை இல்லை. ஆனால் புதுச் சிக்கல் வந்தது. எந்திர மொழியில் ஒரு கட்டளையை எடுத்துவிட்டு அதே இடத்தில் மூன்று கட்டளைகளைத் திணிக்க முடியாது. ஒன்று நகர்ந்தால் பின்னால் வரும் முகவரிகள் எல்லாம் தப்பிப்போகும். ஆகவே நிரலின் கடைசியில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு எழுதினார்கள். அதற்குப் பெயர் பேட்ச் ஏரியா. தவறான கட்டளை இருந்த இடத்தில் வெற்றிடத்துக்குத் தாவச் சொல்லும் ஒரே கட்டளை வரும். வெற்றிடத்தில் சரியான கட்டளைகள் வரிசையாக இருக்கும். அவை முடிந்ததும் விட்ட இடத்துக்கு மறுபடி தாவல். மூல நிரலைத் திருத்தி, கம்பைல் செய்து, ஏற்றி முடிக்க ஓர் இரவு போன காலத்தில் இது பெரிய வரம். அந்தத் திருத்தத்தை மூல நிரலிலும் எழுதிவைக்க யாராவது மறந்தால் அடுத்த பதிப்பில் பழைய பிழை எழுந்து உட்காரும். "வெறும் பேட்ச் வேலை" என்று இளக்காரமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐ.பி.எம். மெயின்ஃபிரேம்களில் வட்டில் இருக்கும் நிரலைப் பைட் பைட்டாக மாற்றும் கருவியைச் சூப்பர்சாப் என்பார்கள். அதற்குக் கொடுக்கும் வரிகளில் இரண்டு முக்கியம்: வெர், ரெப். வெர் வரியில் ஓர் இடத்தின் எண்ணும் அங்கே இப்போது இருக்க வேண்டிய மதிப்பும் இருக்கும். ரெப் வரியில் அதே இடத்தின் எண்ணும் புது மதிப்பும். எடுத்துக்காட்டாக, 0120-ஆம் இடத்தில் 4770 இருக்கிறதா என்று வெர் பார்க்கும். இருந்தால் ரெப் அதை 4780 ஆக்கும். 4770 என்று தொடங்கும் கட்டளை 'சமமில்லை என்றால் தாவு'. 4780 என்றால் 'சமம் என்றால் தாவு'. ஒரே இலக்கம் மாறியதில் நிபந்தனை தலைகீழாகிவிடுகிறது. அந்த இடத்தில் 4770 தவிர வேறெது இருந்தாலும் வெர் தோற்கும், ரெப் ஓடாது. மாற்ற வேண்டுமானால் ரெப் ஒன்றே போதும். இருந்தும் வெர் இல்லாமல் ரெப் எழுதும் ஆளை மெயின்ஃபிரேம் மூத்தவர்கள் புரொடக்‌ஷன் பக்கமே அண்டவிடமாட்டார்கள்.

அதே ஐ.பி.எம். தன் அதிகாரபூர்வத் திருத்தங்களுக்கு வைத்த பெயர் புரோகிராம் டெம்பரரி ஃபிக்ஸ், சுருக்கமாகப் பி.டி.எஃப். அடுத்த பதிப்பு வரும்வரை தாக்குப்பிடிப்பதற்கான தற்காலிகத் திருத்தம் என்பது எண்ணம். அடுத்த பதிப்புக்கு மாறாத வாடிக்கையாளரிடம் அந்தத் தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் ஓடும். தனக்கு முன்னால் எந்தெந்தத் திருத்தங்கள் போடப்பட்டிருக்க வேண்டும், தான் வந்தபின் எவை தேவையில்லை என்பதையெல்லாம் பி.டி.எஃப். தன்னுடனேயே எடுத்துவரும். அதைப் போடும் எஸ்.எம்.பி. என்ற கருவியின் வினைகளில் மூன்று இங்கே முக்கியம்: அப்ளை, அக்செப்ட், ரெஸ்டோர். அப்ளை செய்துவிட்டுச் சில வாரம் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒத்துவரவில்லை என்றால் ரெஸ்டோர். அக்செப்ட் செய்துவிட்டால் அந்த வழி அடைபடும். 1990-களின் கடைசியில் ஒய்-2-கே வேலைக்காகக் கோபோல் கற்று மெயின்ஃபிரேமுக்குள் நுழைந்த சென்னைத் தலைமுறைக்கு இந்த மூன்றும் தமிழ்ச் சொற்கள் போலவே ஆகிவிட்டன. "அப்ளை பண்ணியாச்சு, இன்னும் அக்செப்ட் பண்ணலை" என்றால் என்ன நிலைமை என்று ஷிஃப்ட் மாறி வருபவருக்கு அதற்குமேல் விளக்க வேண்டாம்.

ஒய்-2-கே வேலையே பல இடங்களில் பேட்ச்தான். எல்லாக் கோப்பிலும் இரண்டு இலக்கமாக இருந்த ஆண்டை நான்கு இலக்கமாக விரிக்க நேரமும் பணமும் இல்லாதபோது ஓர் எல்லை வைத்துச் சமாளித்தார்கள்: 00 முதல் 19 வரை வந்தால் 2000-கள், 20 முதல் 99 வரை வந்தால் 1900-கள். 2020-க்குள் இந்த நிரலை யார் வைத்திருக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கை அது. அப்படி 20-இல் எல்லை வைத்த சில நிரல்கள் 2020 பிறந்ததும் தடுமாறின.

யூனிக்ஸ் உலகில் பேட்ச் வேறு பாதையில் வளர்ந்தது. பெல் ஆய்வகத்தில் டக் மக்கில்ராய் எழுதிய டிஃப் என்ற கருவி இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபடும் வரிகளை மட்டும் காட்டியது. அதன் கணக்குமுறையை அவரும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1976-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டார்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஆள் வந்தாயிற்று. அந்த வேறுபாட்டை எடுத்து இன்னொருவரின் பழைய கோப்பில் பொருத்தும் வேலை கையால்தான் நடந்தது. 1985-இல் லாரி வால் அதற்கு ஒரு நிரல் எழுதி யூஸ்நெட்டில் வெளியிட்டார். அதற்குப் பெயரே பேட்ச். பெர்ல் மொழியை அவர் உருவாக்கியது இதற்குப் பிறகு, 1987-இல். பெர்லால் கிடைத்த புகழ் பெரிது என்றாலும் உலகெங்கும் சிதறியிருந்த நிரலாளர்கள் ஒரே நிரலில் சேர்ந்து வேலை செய்ய வழிவிட்டது இந்தச் சின்னக் கருவிதான்.

அது படிக்கும் கோப்பு எப்படி இருக்கும் என்று பார்த்தால் மீதி எளிது. மாறிகளின் பெயர்கள் வசதிக்காகத் தமிழில்:

@@ -41,3 +41,3 @@
 தொகை = விலை * எண்ணிக்கை
-வரி = தொகை * 0.12
+வரி = தொகை * 0.18
 மொத்தம் = தொகை + வரி

இந்தத் துண்டுக்கு ஹங்க் என்று பெயர். தலைவரி, பழைய கோப்பில் 41-ஆம் வரியிலிருந்து 3 வரிகள், புதியதிலும் 41-இலிருந்து 3 வரிகள் என்கிறது. கழித்தல் குறி போட்ட வரி போக வேண்டியது. கூட்டல் குறி போட்டது வர வேண்டியது. குறி இல்லாமல் மேலும் கீழும் நிற்பவை சூழல் வரிகள்; அவை மாறுவதில்லை. மாறாத வரிகளை எதற்கு அனுப்ப வேண்டும்? மெயின்ஃபிரேமின் வெர் செய்த வேலையை இங்கே செய்வது அவைதான். வழக்கமாக மாற்றத்துக்கு மேலே மூன்றும் கீழே மூன்றுமாகச் சூழல் வரிகள் போகும்.

லாரி வாலின் சாமர்த்தியம், இந்தச் சோதனையைக் கொஞ்சம் தளர்த்தியதில் இருக்கிறது. பேட்ச் எழுதியவர் கையில் இருந்த கோப்பும் பெறுபவர் கையில் இருப்பதும் அச்சுப்போல ஒன்றாக இருப்பது அபூர்வம். பெறுபவர் மேலே பத்து வரி சேர்த்திருப்பார். ஆகவே கருவி 41-ஆம் வரியில் பொருந்தவில்லை என்றால் மேலும் கீழும் நகர்ந்து தேடும். அப்படியும் கிடைக்காவிட்டால் சூழலின் ஓர வரிகளை ஒவ்வொன்றாகக் கண்டுகொள்ளாமல் விட்டுப் பார்க்கும். இந்த விட்டுக்கொடுப்புக்குப் பெயர் ஃபஸ். வழக்கமான உச்ச அளவு 2. அதற்கும் மசியாத ஹங்கை ஒரு தனிக் கோப்பில் ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

இந்தத் தாராளம் ஆபத்தானதும்கூட. மேலே காட்டிய மூன்று வரிகள் ஒரே கோப்பில் இரண்டு இடங்களில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: உள்நாட்டு விற்பனைக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று. உள்நாட்டுப் பகுதியை யாரோ ஏற்கெனவே கையால் திருத்திவிட்டார். கருவி அங்கே போய்ப் பார்க்கும், பொருந்தாது. இன்னும் கீழே தேடி ஏற்றுமதிப் பகுதியில் கச்சிதமாகப் பொருந்தும் இடம் கண்டுபிடித்து, வெற்றி என்று அறிவித்துவிடும். இத்தனை வரி தள்ளிப் பொருந்தியது என்று திரையில் ஒரு வரி வரத்தான் செய்யும். நள்ளிரவில் நாற்பது ஹங்குகள் ஓடும்போது அதைப் படிப்பவர் யார்? தோற்ற ஹங்க் தொல்லை தராது, அது கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறது. தவறான இடத்தில் வென்ற ஹங்க்தான் மூன்று மாதம் கழித்துத் தணிக்கையில் தலைகாட்டும். அதனால்தான் பழகிய கைகள் முதலில் ஒத்திகை ஓட்டம் விட்டு, எண் தள்ளிய ஹங்குகளை மட்டுமாவது கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு உண்மையான ஓட்டத்தைத் தொடங்கும்.

திறந்தமூல உலகில் பேட்சுக்குக் கெட்ட பெயர் கிடையாது. அங்கே அது ஒருவர் செய்த வேலையின் அலகு. 1995-இல் என்.சி.எஸ்.ஏ. வலைச் சேவையகத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போனபோது, ஆளுக்கொரு திருத்தம் வைத்திருந்த சிலர் அவற்றை ஒன்றுசேர்த்ததில் பிறந்ததுதான் அப்பாச்சி சேவையகம். லினக்ஸ் கெர்னலில் பிழைத்திருத்தம் மட்டுமல்ல, முற்றிலும் புதிய வசதியும் பேட்ச் என்றே அழைக்கப்படும். அது மின்னஞ்சலில் போகும், பராமரிப்பவர் வரிக்கு வரி கேள்வி கேட்பார், எழுதியவர் திருத்தி இரண்டாம் முறை, மூன்றாம் முறை அனுப்புவார். நிலையான பதிப்புகளுக்குப் போகும் பேட்ச் சூழல் வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக்கூடாது என்று அங்கே எழுதப்பட்ட விதி இருக்கிறது. நல்ல விதி. நூறு வரியைக் கண்ணால் படித்துவிடலாம்.

2005-இல் வந்த கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி, ஃபஸ் விஷயத்தில் லாரி வாலுக்கு நேரெதிர். சூழல் வரிகள் எல்லாம் பொருந்த வேண்டும். ஒரு ஹங்க் தோற்றாலும் மொத்தப் பேட்சும் வெளியே. தவிர, கிட் உருவாக்கும் பேட்சில் பழைய கோப்பின் அடையாள எண்ணும் இருக்கும். பெறுபவரிடம் அந்தப் பழைய கோப்பு இருந்தால் அதை எடுத்துவைத்து, இரண்டு பக்க மாற்றங்களையும் ஒப்பிட்டு இணைக்கக் கிட்டால் முடியும். எந்த நிலையின்மேல் இந்தத் திருத்தம் எழுதப்பட்டது என்பதை ஊகத்துக்கு விடாமல் எண்ணாகவே எழுதிவிடுகிறது.

சேவையகங்களைப் பராமரிப்பவர்களிடம் பேட்ச் என்று சொன்னால் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தம்தான் நினைவுக்கு வரும். 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் திருத்தங்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று மொத்தமாக வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வருவது இந்தியாவில் கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. எனவே சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் பேட்ச் செவ்வாய் என்பது நடைமுறையில் புதன் காலை. திருத்தம் வெளிவந்த கணமே இன்னொரு பந்தயமும் தொடங்கிவிடுகிறது. பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரிந்துவிடும். பேட்சே ஓட்டைக்கு வழிகாட்டி.

பந்தயத்தில் தோற்றவர்களின் பட்டியல் நீளம். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் புழு, தாக்கக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைச் சுமார் பத்து நிமிடத்தில் பிடித்தது. அது நுழைந்த ஓட்டைக்குத் திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்திருந்தது. வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் 2017 மே 12-இல் பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14-இலேயே வெளியாகியிருந்தது. இதைப் பார்த்து நிர்வாகிகள் சோம்பேறிகள் என்று முடிவுகட்டுவது வெளியாள் பார்வை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையகத்தில் திருத்தம் போடுவதற்கு மறுதொடக்கம் வேண்டும். மறுதொடக்கத்துக்கு வாடிக்கையாளர் சம்மதம் வேண்டும். மாதக்கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும் நாளில் சம்மதம் கிடைக்காது. அதற்குமேல், அவசரத்தில் வந்த திருத்தமே அரைகுறையாக இருக்கலாம். 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் ஓட்டைக்கு வந்த முதல் பேட்ச் போதவில்லை. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே நூலகத்துக்கு 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று ஒரே மாதத்தில் நான்கு திருத்தங்கள் வந்தன. முதல் நாளே ஓடிப்போய்ப் போட்டவர்கள் நான்கு முறை போட்டார்கள்.

ஆகவே சீரான அலுவலகத்தில் ஒரு வரிசை இருக்கும். முதலில் முக்கியமில்லாத சில எந்திரங்கள், அடுத்து சோதனைச் சூழல், கடைசியாகப் புரொடக்‌ஷன். சேஞ்ச் டிக்கெட்டில் என்ன போடப்போகிறோம் என்பதைவிட எப்படித் திரும்புவோம் என்ற பகுதியைத்தான் ஒப்புதல் தருபவர் முதலில் படிப்பார். போடுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட், போட்டபின் சேவைகள் எழுந்தனவா என்று ஒரு சோதனை. தரவுத்தளம் என்றால் இன்னும் ஒரு படி கூடும். ஓரக்கிளில் ஓபேட்ச் என்ற கருவி, ஏற்கெனவே போட்டவற்றோடு மோதுகிறதா என்று பார்த்துவிட்டு நிரல் கோப்புகளை மாற்றும். தரவுத்தளத்துக்கு உள்ளே மாற வேண்டியதை டேட்டாபேட்ச் என்ற இன்னொரு கருவியை ஓட்டித்தான் முடிக்க வேண்டும். முதலாவதோடு எழுந்துபோய்விட்டால் வெளிக் கோப்புகள் புதிய நிலையிலும் உள்ளே இருப்பவை பழைய நிலையிலும் நிற்கும். பதிப்பு எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்ததுபோல்தான் தோன்றும்.

மறுதொடக்கமே வேண்டாம் என்று வந்தது லைவ் பேட்ச். லினக்ஸ் கெர்னலின் 4.0 பதிப்பில், 2015 ஏப்ரலில், இதற்கான அடிப்படை சேர்க்கப்பட்டது. ஓடும் கெர்னலில் பழைய செயற்கூறின் வாசலிலேயே தடுத்து, புதிய செயற்கூறுக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. விண்டோஸ் தன் செயற்கூறுகளில் இதற்காக முன்கூட்டியே இடம் விட்டிருந்தது: தொடக்கத்தில் ஒன்றும் செய்யாத 2 பைட் கட்டளை, அதற்கு முன்னால் 5 பைட் வெற்றிடம். அந்த 2 பைட்டில் குறுந்தாவல் போட்டு வெற்றிடத்துக்குப் போய், அங்கிருந்து புது நிரலுக்கு நெடுந்தாவல். மெயின்ஃபிரேம் காலத்துப் பேட்ச் ஏரியாவைத் தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை.

கை எட்டாத இடத்தில் பேட்ச் போடுவதுதான் இந்தக் கலையின் உச்சம். 1997 ஜூலை 4-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி தானாக மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது. முன்னுரிமை குறைந்த பணி வைத்திருந்த பூட்டுக்காக முன்னுரிமை மிகுந்த பணி காத்துக்கிடந்ததுதான் காரணம் என்று பூமியில் இருந்த நகல் எந்திரத்தில் கண்டுபிடித்தார்கள். முழு நிரலையும் அனுப்பவில்லை. கலத்தில் இருப்பதற்கும் இருக்க வேண்டியதற்குமான வேறுபாட்டை மட்டும் அனுப்பினார்கள். கலத்திலிருந்த ஒரு நிரல் பல சோதனைகள் செய்துபார்த்த பிறகே அதைப் பொருத்தியது. வாயேஜர் 1 விண்கலம் இதைவிடத் தொலைவு. அதன் நினைவகச் சில்லு ஒன்று பழுதானபோது, அதிலிருந்த நிரலைத் துண்டுகளாக்கி நினைவகத்தில் இடம் கிடைத்த மூலைகளில் வைத்து, அவை ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்படி முகவரிகளை மாற்றி, 2024 ஏப்ரல் 18-இல் அனுப்பினார்கள். சுமார் 2,400 கோடி கிலோமீட்டர். செய்தி போக இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே அளவு.

வலை நிரலாக்கத்தில் இந்தச் சொல் ஒரு வினையாகவும் இருக்கிறது. 2010 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 5789, எச்.டி.டி.பி. நெறிமுறையில் பேட்ச் என்ற கோரிக்கையை வரையறுத்தது. புட் என்றால் ஆவணம் முழுவதையும் மாற்று. பேட்ச் என்றால் சொன்ன பகுதியை மட்டும். 2013-இல் வந்த ஜேசன் பேட்ச் தரத்தில் சேர், நீக்கு, மாற்று ஆகியவற்றோடு 'டெஸ்ட்' என்ற செயலும் உண்டு. இந்தப் புலத்தில் இந்த மதிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் மொத்தக் கோரிக்கையையும் கைவிடச் சொல்லும் செயல். வலை நிரலாளர்கள் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. இரண்டு பேர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தும்போது மட்டும் அதன் அருமை தெரியும். பதிப்பு எண்களில் 3.4.7 என்று வந்தால் கடைசி 7 பேட்ச் எண்: வெளி நடத்தை மாறவில்லை, பிழை மட்டும் திருத்தியிருக்கிறோம் என்ற உறுதிமொழி.

அக்கம்பக்கத்துச் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்வதும் வழக்கம்தான். ஹாட்ஃபிக்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட கோளாறுக்காக அவசரமாக வரும் பேட்ச். ஒர்க்அரவுண்ட் என்றால் நிரல் மாறவில்லை, பயன்படுத்தும் முறைதான் மாறியிருக்கிறது. சர்வர் அறையில் இருக்கும் பேட்ச் பேனலும் பேட்ச் கார்டும் வேறு கதை. தொலைபேசி இணைப்பகங்களில் கம்பியைச் செருகி இரண்டு முனைகளை இணைத்ததிலிருந்து வந்தவை அவை. தமிழில் எழுதும்போது இன்னொரு தொல்லை, இரவில் ஓடும் தொகுதி வேலையும் பேட்ச்தான், திருத்தமும் பேட்ச்தான். "நைட் பேட்ச் ஃபெயில்" என்று தமிழ் எழுத்தில் குறுஞ்செய்தி வந்தால் எது விழுந்தது என்று தொலைபேசியில்தான் கேட்க வேண்டும்.

மிச்சமிருப்பது மங்கி பேட்ச். பைத்தான், ரூபி போன்ற மொழிகளில் பிறர் எழுதிய நூலகத்தின் செயற்கூறை, அதன் கோப்பைத் தொடாமல், நிரல் ஓடும்போதே தன்னுடைய செயற்கூறால் மாற்றிவிடுவது. சோதனை நிரல்களில் இது அன்றாடம் நடக்கிறது, தவறில்லை. புரொடக்‌ஷனில்தான் உறுத்தும். சூழல் வரி இல்லை, வெர் இல்லை, பழைய நிலை எது என்று கேட்க எவரும் இல்லை. நூலகத்தின் அடுத்த பதிப்பில் அந்தப் பிழை ஒழுங்காகத் திருத்தப்பட்டு வந்தாலும் மங்கி பேட்ச் அதை மறைத்துக்கொண்டு தன் பழைய வேலையையே செய்துகொண்டிருக்கும். அதனால் இதைத் தவிர்க்க முடியாதவர்கள் முதல் வரியில் நூலகத்தின் பதிப்பு எண்ணைச் சோதித்து, எதிர்பார்த்த எண் இல்லை என்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும்படி எழுதுகிறார்கள். எந்தப் பதிப்பு வந்ததும் இதை நீக்கலாம் என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருக்கும்.